ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு காலடி

என் வீட்டுக்காரருக்கு இந்த உலகத்தில் யார் மீதும் நம்பிக்கை கிடையாது. பால் பாக்கெட்டைக் கையில் எடுத்ததுமே அரை லிட்டர் இருக்காது என்பார். பேருந்து நிலையத்துக் கடிகாரத்தை யாரோ வேண்டுமென்றே இரண்டு நிமிடம் தள்ளி வைத்திருப்பதாகச் சொல்வார். கல்யாணமான புதிதில் நான் போட்டுக்கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "சர்க்கரை போட்டியா, இல்ல போட்டேன்னு சொல்றியா?" என்று கேட்ட மனிதர். அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியாமல் முப்பத்திரண்டு வருடம் இவரோடு குப்பை கொட்டிவிட்டேன். இவ்வளவு காலம் கூடவே இருந்ததில் அந்தக் குணம் எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

நகராட்சியில் நடைபாதைப் பிரிவில் அவருக்கு வேலை. ஊரைச் சுற்றி வயலோரமாக ஆறு பாதைகளும் கடலோரமாக ஐந்து பாதைகளும் இருக்கின்றன. ஊன்றுகோல் பிடித்தவர், தள்ளுவண்டியில் குழந்தையைத் தள்ளுபவர், சக்கர நாற்காலியில் வருபவர், நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்குபவர், யாராக இருந்தாலும் போய்வரக்கூடிய பாதைகள் எவை என்று நகராட்சி வருடாவருடம் ஒரு சின்னக் கையேடு போடும். எந்தப் பாதை 'எளிது', எது 'சுமார்', எது 'கடினம்' என்று தீர்ப்பு எழுதுவது இவர். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கும் வேலை இவருக்குக் கிடைத்தது கடவுள் செயல்தான்.

அந்த வேலையில் அவரைக் குறைசொல்ல முடியாது. பாதையின் நடுவில் ஒரு கோலிக்குண்டை வைப்பார். அது தானாக உருண்டால் 'சமதளம்' என்று எழுத மாட்டார். சக்கர நாற்காலியில் அறுபது கிலோ மணல்மூட்டையைக் கட்டி, ஒவ்வொரு பாதையின் நுழைவாயில் கம்பிகளுக்கு நடுவிலும் தள்ளிப் பார்ப்பார். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, உட்கார்ந்த நிலையிலிருந்து தாழ்ப்பாள் எட்டுகிறதா என்று பார்ப்பார். ஒருமுறை அந்தத் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் உள்ளேயே கிடந்தார். வெளியே வந்ததும் யாரோ தன்னைப் பூட்டியதாகத்தான் சொன்னார்.

தூரத்தை மட்டும் மீட்டரில் எழுத மாட்டார்.

"மீட்டர்ல யாரு நடக்கறா? மனுஷன் காலடியிலதான் நடக்கறான். எத்தனை அடி வைக்கணும்னு சொன்னாத்தான் வயசானவங்களுக்குப் புரியும்" என்பார்.

அதனால் கையேட்டில் எல்லாத் தூரமும் காலடிக் கணக்கில் இருக்கும். எண்ணுவதும் அவர்தான், தன் காலால். வலது சட்டைப்பையில் என் தையல் டப்பாவிலிருந்து எடுத்த பொத்தான்களைப் போட்டுக்கொள்வார். நூறு அடிக்கு ஒரு பொத்தான் இடது பைக்கு மாறும். ஆயிரத்து ஐந்நூறு காலடிக்கு மேல் போனால் அந்தப் பாதை 'எளிது' இல்லை, இருநூறு அடிக்குள் ஒரு பெஞ்சு இல்லையென்றாலும் இல்லை. இது அவரே போட்ட சட்டம். அலுவலகத்தில் அளக்கும் சக்கரம் ஒன்று இருந்தது. அதைத் தொடக்கூட மாட்டார். குழியில் இறங்கி ஏறினால் சக்கரம் பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. ஊரில் இவருக்குக் 'காலடி சார்' என்றே பெயர்.

அவருடைய சந்தேகம் ஒருமுறை பலிக்கவும் செய்தது. பழத்தோட்டத்துப் பாதையில் எட்டுக் காலடி குறைகிறது என்று ஒற்றைக்காலில் நின்றார். எல்லாரும் சிரித்தார்கள். போய்ப் பார்த்தால் தோட்டக்காரர் வேலியை நகர்த்திப் பாதையை விழுங்கியிருந்தார். அன்றிலிருந்து இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. அவர் ஒன்று சொன்னால் என்னாலும் சட்டென்று தள்ளிவிட முடியாமல் போனது அன்றிலிருந்துதான்.

பதினொரு பாதைகளில் அவருக்குச் செல்லப்பிள்ளை கடலோரச் சுவர்ப் பாதை. வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்கி டீக்கடை வரை போகும். ஒரு பக்கம் இடுப்பளவுச் சுவரும் கடலும், இன்னொரு பக்கம் புல்மேடு. ஒரு படிக்கட்டுகூட இல்லை. எட்டு பெஞ்சு. ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு காலடி. மூன்று வருடம் முன்பு அந்தப் பாதைக்குப் புதிதாகச் சிமெண்ட் போட்டார்கள். காயும்வரை பொறுக்க வேண்டாமா? நாலாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் ஈரச் சிமெண்டிலேயே இறங்கி எண்ண ஆரம்பித்துவிட்டார். ஏழு அடி வைத்த பிறகுதான் மேஸ்திரி பார்த்துக் கத்தினார். இவர் அசரவில்லை. "கலவை இளசா இருக்கு. அதைச் சோதிச்சேன்" என்றாராம். அந்த ஏழு காலடியும் பாதையோரத்தில் அப்படியே இறுகிப்போயின.

இந்த வருடக் கையேட்டுக்காகப் போன மாதம் சுவர்ப் பாதையை எண்ணப் போனவர், திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஆயிரத்து ஐந்நூத்து எண்பத்தெட்டு" என்றார்.

"என்னது?"

"பாதையை நீட்டியிருக்கானுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கடலோரச் சுவரை யார் எதற்கு நீட்டப் போகிறார்கள்? அவரிடம் பதில் தயாராக இருந்தது. டீக்கடைக்காரர் கடையைத் தள்ளிக் கட்டியிருக்கிறார். நடந்து களைத்து வருபவன் இரண்டு டீ குடிப்பான் அல்லவா? இல்லையென்றால் மேஸ்திரி பாதையை வளைத்துவிட்டுக் கூடுதல் வேலை காட்டியிருக்கிறார். இல்லையென்றால் புதிதாக வந்திருக்கும் பெண் அதிகாரிக்கு அந்தப் பாதையைச் சைக்கிள்காரர்களுக்குக் கொடுத்துவிட எண்ணம். அந்த அம்மாள் ஆளை அனுப்பிச் சக்கரத்தால் அளந்து பார்த்தாராம். பழைய தூரம்தான் காட்டியதாம். சதி என்பதற்கு இது ஒன்று போதாதா?

"அவசர அவசரமா அளந்திருக்காங்க. ஏன் அவசரம்? யோசிச்சுப் பாரு."

மறுபடி எண்ணினார். அதே ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டு. பொத்தான்களில் ஒன்றை நான் எடுத்துவிட்டேனோ என்று என் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடத்தில் என்னைத் திருடி என்று சொல்லாத குறை அன்று தீர்ந்தது.

எனக்கும் அந்த நாட்களில் அவர் மீது ஒரு சந்தேகம் ஓடிக்கொண்டிருந்தது. என் இடுப்பு எலும்பு தேய்ந்து ஏழெட்டு வருடமாகிறது. நான் விந்தி விந்தித்தான் நடப்பேன். இவரோ வாழ்நாள் முழுக்க என்னைவிடப் பத்தடி முன்னால் நடந்தவர். கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நான் போயிருக்கிறேன். அப்படிப்பட்டவர் ஏழெட்டு மாதமாக என் பக்கத்திலேயே நடந்தார். நான் சொல்லவில்லை, கேட்கவில்லை. அறுபதை எட்டப்போகும் ஆண்பிள்ளை காரணமில்லாமல் நல்லவனாக மாறுவானா? எதையோ மறைக்கிறார் என்று தோன்றியது. போதாததற்கு அவருடைய நோட்டில் எழுத்து வரவரப் பொடிப்பொடியாகிக்கொண்டே போனது. முன்பெல்லாம் அவர் எழுதும் எண்ணை எதிர்வீட்டிலிருந்து படிக்கலாம். இப்போது கண்ணாடி போட்டாலும் எனக்குத் தெரியவில்லை. நான் படிக்கக்கூடாது என்றே அப்படி எழுதுகிறார் என்று முடிவுகட்டினேன்.

அவர் பங்குக்கு என் தொழிலிலேயே கைவைத்தார். நான் வீட்டில் தையல்காரி. அவருடைய சட்டையெல்லாம் நான் தைத்ததுதான்.

"நீ பொத்தான் ஓட்டையெல்லாம் சின்னதாக்கிட்டே. மாட்டவே முடியல" என்றார் ஒருநாள் காலையில்.

"ஓட்டை இருந்தபடிதான் இருக்கு. உங்க விரல்தான் குண்டாயிடுச்சு."

ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சண்டை. பிறகு அவர் எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகத்தை நான் மெல்ல விட்டுவிட்டேன். என் இடுப்புக்காகத்தானோ என்னவோ, பக்கத்தில் நடக்கிறாரே, அது போதும் என்று இருந்தது. உண்மையைச் சொல்வதானால் எனக்கு அது பிடித்திருந்தது. சாயங்காலம் பாலுக்குப் போகும்போதுகூட, வேலையில்லாவிட்டாலும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

சுவர்ப் பாதை விவகாரம் வெறும் வீட்டுச் சண்டையாக நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் அறிக்கை கொடுக்க வேண்டும். ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டிவிட்டதால் 'எளிது' பட்டியலிலிருந்து அதை அடித்துவிடப் போவதாகச் சொல்லிவிட்டார். அடித்தால் என்ன ஆகும் என்று ஊருக்கே தெரியும். முதியோர் இல்லத்து வேன் 'எளிது' பட்டியலில் உள்ள பாதைகளுக்கு மட்டும்தான் ஆட்களை அழைத்துப்போகும். பெஞ்சுகளைப் பழுதுபார்ப்பதும் அந்தப் பட்டியலை வைத்துத்தான். கடலைப் பார்த்துக்கொண்டு படியில்லாமல் நடக்க எங்களுக்கு இருப்பது அந்த ஒரு பாதை. மற்ற நான்கிலும் எங்காவது மணலோ மேடோ குறுக்கே வரும். எங்களுக்கு என்று நான் சொல்வது புதன்கிழமைதோறும் அங்கே சேர்ந்து நடப்பவர்களை. நானும் அதில் ஒருத்தி.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி, முதியோர் இல்லத்தில் இருக்கும் கணக்கு டீச்சர். வேலையிலிருந்து ஓய்வுபெற்று இருபது வருடமாகி, இப்போது வாக்கர் என்கிற நாலுகால் சட்டத்தை முன்னால் நகர்த்தி நகர்த்தி நடப்பவர். அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் பழைய பகை. "உங்க ஆயிரத்து நானூறு எனக்கு ரெண்டாயிரத்து முந்நூறு வருதே சார்" என்று அவர் ஒவ்வொரு வருடமும் கேட்பார். "இந்த அம்மா எப்படித்தான் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தாங்களோ" என்று இவர் வீட்டில் வந்து சொல்வார்.

புதன்கிழமை டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களாவது சொல்லுங்கம்மா. அந்த ரூம்ல சுவரைப் பார்த்துக்கிட்டே என்னால உட்கார்ந்திருக்க முடியாது" என்றார். பார்க்கிறேன் டீச்சர் என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் நானும் வருவேன் என்று கிளம்பினேன். தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்ததால் அளவு டேப் கழுத்திலேயே தொங்கியது.

"நீ எதுக்கு? பேச்சுக் கொடுத்து என் எண்ணிக்கையைக் கெடுக்கவா?"

"வாயைத் திறக்கமாட்டேன். போதுமா?"

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஆரம்பித்தார். நான் பக்கத்திலேயே நடந்தேன். வாயைத் திறக்கவில்லை. பெஞ்சுகளைக் கடக்கும்போதெல்லாம் அவர் அவற்றைத் திருடர்களைப் பார்ப்பதுபோல முறைத்துக்கொண்டு போனார். முப்பது வருட வேலையில் ஒரு பெஞ்சிலும் உட்கார்ந்ததில்லை அவர். பெஞ்சு பொதுமக்களுக்கு, தான் வேலை நேரத்தில் இருப்பவர் என்பார். டீக்கடை வாசலுக்கு வந்து இடது பையைக் கொட்டினார். பதினைந்து பொத்தான், மேலே எண்பத்தொன்பது.

"பார்த்தியா, போன தடவைக்கு இன்னிக்கு ஒண்ணு கூடியிருக்கு!"

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "காலடி சார், டீ?"

"கடையை எப்போ நகர்த்தினீங்க?"

"இந்தக் கடையையா? எங்கப்பா காலத்துலேர்ந்து இதே தூண்லதான் சார் சாஞ்சு நிக்குது. நகர்த்தினா விழுந்துடும்."

இவர் நம்பவில்லை. ஆனால் தூண் அடியில் பாசி பிடித்திருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பிறகு திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. கையும் களவுமாகப் பிடிக்க வழி கிடைத்துவிட்ட முகம் அது.

"மேஸ்திரிதான்! பழைய சிமெண்டைப் பேர்த்துட்டுப் புதுசா வளைச்சுப் போட்டிருக்கான். என் அடித்தடம் ஏழும் இருக்கான்னு பாரு. இருக்காது. வா!"

வேகமாகப் போக நினைத்தார். விந்தி நடக்கும் நானும் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தேன். அதை அப்போது நான் கவனித்தேனா என்று இப்போது நினைவில்லை.

நாலாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் பாதையோரம் மணல் மூடிக் கிடந்தது. அவர் குனியத் தடுமாறியதால் நானே கையால் தள்ளினேன். முதல் தடம் வந்தது. குதிகாலின் வெளி ஓரம் ஆழமாகப் பதிந்த, எனக்கு நன்றாகத் தெரிந்த செருப்பு. இரண்டாவது வந்தது. ஏழும் இருந்தன.

அவர் ஏழையும் விரல் நீட்டி ஒருமுறை எண்ணினார். பிறகு, "அப்போ இதுக்கு அப்புறம்தான் நீட்டியிருக்கான். இங்கேயிருந்து எண்ணலாம்" என்றார்.

முதல் தடத்துக்குப் பக்கத்தில் காலை வைத்தார். ஒன்று. நடந்தார். இரண்டு, மூன்று, நான்கு. எண்ணிக்கொண்டே ஏழு என்று நின்றார். ஏழாவது தடம் அவருக்கு முன்னால் இருந்தது. ஒரு முழத்துக்கும் மேலே இடைவெளி.

திரும்பி வந்து மறுபடி நடந்தார். மறுபடி அதே இடத்தில் நின்றார். மூன்றாவது முறை பக்கத்தில் நடக்காமல், தடத்துக்குள்ளேயே காலை வைத்துப் போகப் பார்த்தார். இரண்டாவது தடத்தை எட்டிப் பிடிக்கும்போதே உடம்பு சாய்ந்தது. நான் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையில் அவர் கை நடுங்குவது தெரிந்தது.

"சிமெண்ட் வெயில்ல விரிஞ்சிருக்கும்" என்றார்.

நான் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தேன். ஆயிரம் உடம்புகளை அளந்த டேப். எதற்கு எடுத்தேன் என்று இன்றும் எனக்கு வருத்தம்தான், ஆனால் கை தானாகப் போய்விட்டது. பழைய தடத்துக்கும் தடத்துக்கும் நடுவே முப்பது அங்குலம். அவரை மணலில் இரண்டு அடி நடக்கச் சொல்லி அதை அளந்தேன். இருபத்தாறே முக்கால்.

"உன் டேப்பு பழசு. இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும்."

"நீண்டா ரெண்டுக்கும்தானேங்க நீளும்?"

அவர் டேப்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். பொத்தான் ஓட்டை, பொடி எழுத்து, காலடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன. ஊரில் ஒருவரை விடாமல் சந்தேகப்பட்ட மனிதர் தன் காலை மட்டும் சந்தேகப்படவில்லை. நானோ எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிட்டு, என்னிடம் எதையோ மறைக்கிறார் என்று அவரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அவர் மீது அல்ல, என் மீதுதான் ஆத்திரம் வந்தது.

"திங்கக்கிழமை டாக்டரைப் பார்த்துடலாம்" என்றேன்.

"அவன் என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறான்" என்றார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

பிறகு நாலாவது பெஞ்சைப் பார்த்தார். போய் அதில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டை எடுத்து அவர் பக்கம் வைத்துக்கொள்ளாமல் என்னிடம் நீட்டினார்.

"நீ எழுது. என் எழுத்து அவங்களுக்குப் புரியாது."

நான் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.

"கடலோரச் சுவர்ப் பாதை. எளிது."

"எத்தனை காலடின்னு எழுதட்டும்?"

கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அந்த டீச்சரம்மாவுக்கு ரெண்டாயிரத்து முந்நூறுதான் இருந்திருக்கும். சரியாத்தான் எண்ணியிருக்காங்க. என் காலை வச்சு ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிட்டிருந்தேன் இத்தனை வருஷம்." மூச்சை இழுத்துவிட்டார். "காலடி வேணாம். மீட்டரைப் போடு, அந்தச் சக்கரம் சொன்னதையே போடு. கூடவே எட்டு பெஞ்சுன்னு எழுது. ஒண்ணுலேர்ந்து அடுத்தது தெரியும்னு எழுது. அது எல்லாருக்கும் ஒண்ணுதான்."

எழுதினேன். எண்கள் பெரிதாக விழும்படி அழுத்தி எழுதினேன். வேன் வரும். டீச்சர் புதன்கிழமை சட்டத்தை நகர்த்திக்கொண்டு வருவார். அது உறுதியாகிவிட்டது. ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை. மனதில் ஓடியதைச் சொல்லாமல் எழுந்திருக்கக்கூடாது என்று தோன்றியது.

"ஏழெட்டு மாசமா என் பக்கத்துலயே நடந்தீங்களே" என்றேன். "என் இடுப்புக்காகத்தான் மெதுவா நடக்கறீங்கன்னு நெனச்சேன்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். பொய்யா நிஜமா என்று எடைபோடும் அந்தப் பழைய பார்வைதான். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்படியே நெனச்சுக்கோ" என்றார்.

கைகொடுத்து எழுப்பினேன். வண்டி நிறுத்துமிடம் வரை இன்னும் மூன்று பெஞ்சு இருந்தது. மூன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்து போனோம். அவர் எண்ணவில்லை. நான்தான் எண்ணினேன், என் காலடியை. என் ஓர் அடிக்கு அவர் ஓர் அடியாக, அவரும் நானும் ஒரே எண்ணிக்கையில் வந்து சேர்ந்தோம்.